ஜெர்மனி மிஷினுக்கு ஒரு பிள்ளையார் சுழி

ஐரின்: ...கையை எடு கிச்சா. எதையும் தொடாத. ஸ்க்ரீனை மட்டும் பாரு.

கிச்சா: பாத்துண்டுதானே இருக்கேன். டெர்மினல் செவப்பா இருக்கு. அப்ப இது ஜெர்மனியில இருக்கற நிஜ மிஷின். பச்சையா இருந்தா டெஸ்ட் மிஷின். தூக்கக் கலக்கத்துல கூட மாத்தித் தட்ட முடியாது. இப்படி செட் பண்ணின நம்ம பாஸ் வெங்கடரமணன் சாருக்கு இந்தக் கலருக்காகவே ஒரு பொன்னாடை போத்தலாம்.

ஐரின்: பொன்னாடை அப்புறம். இப்ப உன் கண்ணு முன்னாடிதானே கனெக்ட் பண்ணேன். முதல் வரியில என்ன வந்துச்சு?

கிச்சா: உ.

ஐரின்: அதேதான்.

கிச்சா: அது பிள்ளையார் சுழி.

ஐரின்: எனக்குத் தெரியாதா? நான் சாந்தோம்காரிதான், ஆனா படிச்சதெல்லாம் மயிலாப்பூர்ல. பரீட்சைப் பேப்பர்ல பாதிப் பேர் முதல்ல அதைத்தான் எழுதுவாங்க... அந்தச் சுழியாலதான் நம்ம கஸ்டமர் அறிவு சாரோட ஸ்டுடியோ போட்டோவுக்குக் காப்பி ஒண்ணுகூட ஜெர்மனிக்குப் போய்ச் சேரல.

கிச்சா: சும்மா பேத்தாதே.

ஐரின்: ஆயுத பூஜை வரைக்கும் ஒழுங்கா போயிருக்கு. அன்னியிலேர்ந்து எல்லா ஃபோல்டரும் காலி.

கிச்சா: ஒரே ஒரு எழுத்து. அது எப்படித் தடுக்கும்? நாமதான் தெனமும் கனெக்ட் பண்றோமே.

ஐரின்: நீ கனெக்ட் பண்ணா உ-ன்னு வரும். கன்னத்துல போட்டுக்கிட்டு வேலையைப் பார்ப்ப. காப்பி எடுக்கற ப்ரோக்ராமுக்குக் கன்னமே கிடையாது. போனவுடனே அந்தப் பக்கம் இன்ன பதில்தான் வரணும்னு அது காத்துக்கிட்டு நிக்குது. வர்றது உ. இடம் மாறி வந்துட்டோம் போலன்னு அப்படியே திரும்பி வந்துடுது.

கிச்சா: ...அடப்பாவமே.

ஐரின்: காலையிலேர்ந்து உக்காந்து கண்டுபிடிச்சேன்.

கிச்சா: ஆயுத பூஜை அன்னிக்கு நான் பக்கத்துலயே இருந்தேன், ஐரின். சந்தனம் கரைச்சதே நான்தான். எல்லா கம்ப்யூட்டருக்கும் பொட்டு வெச்சாச்சு, பிரின்டருக்கு வெச்சாச்சு, ஏசி ரிமோட்டுக்குக்கூட வெச்சாச்சு. சார் பொரி சாப்பிட்டுண்டே திடீர்னு கேட்டார், ஜெர்மனியில இருக்கற மிஷின் மட்டும் என்னடா பாவம் பண்ணித்துன்னு. அங்க போய் யார் சந்தனம் வெக்கறது? உடனே உக்காந்துட்டார்.

ஐரின்: உக்காந்து?

கிச்சா: ஒரு லெக்சர் குடுத்தார் பாரு. இன்னொரு மிஷினுக்குக் கனெக்ட் பண்றதுங்கறது ஒருத்தராத்துக்குப் போற மாதிரியாம். வாசல்லயே நீ யாரு, எந்த ஊரு, என்ன பாஷை, உன் கடியாரத்துல மணி என்னன்னு சொல்லணுமாம். அந்தச் சின்னச் சின்ன விவரத்துக்குத்தான் என்விரான்மென்ட் வேரியபிள்னு பேராம். நாம ஒண்ணும் தட்ட வேண்டாம், டெர்மினலே நமக்காகச் சொல்லிடும். இத்தனை சொல்ற டெர்மினல் பிள்ளையார் பேரையும் சொன்னா என்னன்னு, 'சுழி'ங்கற பேர்ல புதுசா ஒரு வேரியபிள் போட்டார். அதுக்குள்ள உ. கனெக்ட் ஆனதும் அதை ஸ்க்ரீன்ல காட்டச் சொல்லி இன்னொரு வரி.

ஐரின்: அந்த இன்னொரு வரிதான் வில்லன்.

கிச்சா: பிள்ளையாரை வில்லன்னு சொல்லாதே.

ஐரின்: வரியைச் சொன்னேன்ப்பா.

கிச்சா: முதல்ல உ வரவே இல்ல, தெரியுமோ? கேள்விக்குறிதான் வந்தது. பிள்ளையார் கேள்விக்குறியா நிக்கக் கூடாதுன்னு பாஷை வேரியபிளையும் மாத்தினார். பளிச்சுனு வந்து நின்னுது பாரு... எனக்குக் கண்ணுல ஜலம் வந்துடுத்து.

ஐரின்: அழகாத்தான் பண்ணியிருக்காரு, இல்லேங்கல. டெர்மினலுக்குன்னு அவர் எழுதின இந்த ஃபைலைப் படிச்சுத்தான் நானே தொழில் கத்துக்கிட்டேன். அங்க இருக்கற மிஷினுக்கு நம்ம ஊரு மணி காட்டறது, தப்பான இடத்துல கை வெச்சா ஒரு தடவை நிறுத்திக் கேக்கறது... எதுவுமே ஒரு வரி வீண் கிடையாது. இந்த ஒரு வரியைத் தவிர.

கிச்சா: சரி, காப்பி போகலன்னா அந்த ப்ரோக்ராமை ஓட்டற உன் ஸ்கிரிப்ட் சொல்லியிருக்கணுமே. தப்பா போனா மெயில் போகும்னு சொன்னியே.

ஐரின்: போயிருக்கு. தெனமும் போயிருக்கு. சாருக்கு. அவரு அதையெல்லாம் 'நிதானமாகப் படிக்க'ன்னு ஒரு ஃபோல்டருக்குத் தானா போற மாதிரி செட் பண்ணி வெச்சிருக்காரு.

கிச்சா: அது ரொம்ப நல்ல செட்டிங்தான். எனக்கும் போட்டுக் குடுத்தார்.

ஐரின்: கிச்சா, இது சிரிக்கற விஷயம் இல்ல. அறிவு சாரோட பாண்டி பஜார் ஸ்டுடியோவுல இருக்கற டிஸ்க் காலையிலேர்ந்து கரகரன்னு சத்தம் போடுதாம். அது நின்னுச்சுன்னா இந்த சீசன் கல்யாணம் அத்தனையும் போச்சு. அவரு சாயங்காலம் இங்க வர்றாரு. ஸ்கிரிப்ட் யாரு எழுதினாங்களோ அவங்களே பதில் சொல்லிக்கட்டும்னு சார் சொல்லிட்டாரு. உனக்குக் கேட்டுச்சுல்ல?

கிச்சா: கேட்டுது.

ஐரின்: தப்பு என் பேர்ல நின்னுதுன்னா அறிவு சாரோட வேலையை நம்ம சார் என்கிட்டேருந்து எடுத்துடுவாரு. திரும்ப ஃபோன் எடுக்கற டெஸ்க்குதான். அங்கேருந்து இந்த நாற்காலிக்கு வர்றதுக்கு நான் எவ்வளவு பாடுபட்டேன்னு உனக்கே தெரியும்.

கிச்சா: அப்ப வரியை எடுத்துடு. ஒரு நிமிஷ வேலை.

ஐரின்: நீ எடு.

கிச்சா: நானா?

ஐரின்: நீதான். நான் எப்படி எடுக்கறது? யாரு எந்த வரியைத் தொட்டாலும் பேரோட லாக்ல நிக்கிற மாதிரி சார் செட் பண்ணியிருக்காரு. 'பிள்ளையார் சுழி நீக்கம்: ஐரின்'. நல்லாருக்கா படிக்கறதுக்கு? அப்புறம் இந்த ஆபீஸ்ல என்ன ரிப்பேர் ஆனாலும், மோட்டார் ஓடலைன்னாக்கூட, அந்தப் பொண்ணு அன்னிக்குச் சுழியை எடுத்துச்சேன்னுதான் பேச்சு வரும். என் வீட்டுக்காரர் ஹென்றி கட்டின நாள்லேர்ந்து எனக்குச் சொல்றது ஒண்ணுதான், மயிலாப்பூர்ல வேலை பாக்கற, சாமி விஷயத்துல வாயும் வெக்காத கையும் வெக்காதன்னு.

கிச்சா: எடுக்க வேண்டாம். முன்னாடி ஒரு ஹாஷ் குறி போட்டுடு. மிஷின் அந்த வரியைப் படிக்காது. சுழி இருந்த இடத்துலயே இருக்கும்.

ஐரின்: அப்ப லாக்ல 'பிள்ளையாரை வாயடைத்தவர்: ஐரின்'னு வரும். ஹாஷ் போடத் தெரியாமயா உக்காந்திருக்கேன்? யாரு போடறதுங்கறதுதான் கேள்வி. நீ போடு கிச்சா. நீ போட்டா வீட்டு விவகாரம்.

கிச்சா: அடுத்த வாரம் எனக்கு விசா இன்டர்வியூ.

ஐரின்: அதுக்கும் இதுக்கும்?

கிச்சா: என்ன சம்பந்தமா? மாம்பலத்துல எங்காத்துல அம்மா தெனமும் விளக்கேத்தி அந்த விசாவுக்காகத்தான் வேண்டிண்டிருக்கா. இங்க பிள்ளை அதே பிள்ளையாரை அடைச்சு வெக்கறதா? சும்மா கனெக்‌ஷனையே தடுக்கறவர், விசாவைத் தடுக்க எவ்வளவு நேரமாகும்?

ஐரின்: அப்ப அறிவு சாரையே போடச் சொல்லிடலாமா?

கிச்சா: ஐயையோ. அவர் கருப்புச் சட்டை.

ஐரின்: அதான் சொல்றேன். தாலி இல்லாம மாலை மாத்திக் கல்யாணம் பண்ணவரு. சந்தோஷமா தட்டிட்டுப் போவாரு.

கிச்சா: தட்டிட்டுப் போனா பரவாயில்லையே. பாண்டி பஜார்ல கடை கடையா ஏறிச் சொல்லுவார். என் கஸ்டமர் போட்டோவையெல்லாம் பிள்ளையார் மறிச்சுட்டார், நான்தான் போய் வழி விடச் சொன்னேன்னு. சார் அப்புறம் வெளியில தலை காட்ட முடியுமா?

ஐரின்: சாருக்கு மட்டும்தான் தலை இருக்கு. எனக்கு இல்ல.

கிச்சா: கோச்சுக்காதே... சரி, நகரு. ஃபைலைத் திற. நான் உக்காந்து பாக்கறேன்.

ஐரின்: இந்தா. இதான் வேரியபிள் வரி. அடுத்தது காட்டற வரி. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஹாஷ்.

கிச்சா: மேல எவ்வளவு நீட்டா எழுதியிருக்கார் பாரேன். கீழ என்ன, ஒரே வெத்து வரியா போறது...

ஐரின்: கீழ போகாத. அங்க ஒண்ணும் கிடையாது. இங்க நில்லு.

கிச்சா: நின்னுட்டேன். கர்சர் கரெக்டா உ-வுக்குப் பக்கத்துல மினுக்கறது.

ஐரின்: தட்டு.

கிச்சா: தட்டறேன்... நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ.

ஐரின்: திரும்பிட்டேன்... தட்டிட்டியா?

கிச்சா: விரல் எறங்க மாட்டேங்கறது ஐரின். அம்மா முகம் வர்றது.

ஐரின்: உங்க அம்மாவுக்கு நான் போன் பண்ணிப் பேசறேன்.

கிச்சா: வேண்டாம். அவ இங்கயே கிளம்பி வந்துடுவா... சாரையே கேட்டுடலாமே.

ஐரின்: என்னன்னு? சார், நீங்க போட்ட வரி தப்புன்னா? இந்த ஆபீஸ்ல இதுவரைக்கும் யாராவது சொல்லியிருக்காங்களா?

கிச்சா: சொன்னதில்ல. அதுக்கு அவசியமும் வந்ததில்ல.

ஐரின்: அவரு எங்க இப்ப?

கிச்சா: திரும்பக் காபி குடிக்கப் போயிருக்கார். பாவம், அல்சர்காரர், காபியே ஆகாது. இன்னிக்கு என்னமோ காலம்பறலேர்ந்து காபி காபின்னு கச்சேரி ரோட்டுக்கும் மாடிக்குமா நடந்துண்டிருக்கார். வந்து உக்காரறார், உன் ஸ்க்ரீனை எட்டிப் பாக்கறார், எழுந்து போயிடறார்... செருப்புச் சத்தம் கேக்கறது. வந்துட்டார்.

ஐரின்: அப்ப நான் பேசறேன். நடுவுல நீ ஆமாம் மட்டும் சொல்லு.

வெங்கடரமணன்: என்னம்மா, ஆச்சா? சரியாயிடுத்தா? ...இல்லையா? சரி, பாருங்கோ, பாருங்கோ. நான் போய் ஒரு காபி...

ஐரின்: சார், உக்காருங்க சார். காபி கிச்சா வாங்கிட்டு வருவான்.

கிச்சா: ஆமாம் சார்.

ஐரின்: நாங்க ரெண்டு பேரும் இப்ப உங்க ஃபைலைத்தான் படிச்சுக்கிட்டிருந்தோம் சார். எத்தனையோ கம்பெனியில இந்த மாதிரி ஃபைல் இருக்கு. வாசல்லயே பிள்ளையாரை வெச்சது நீங்க ஒருத்தர்தான்.

வெங்கடரமணன்: அது... அதுல நான் ஒண்ணும் புதுசா பண்ணிடல. கலைகளுக்கெல்லாம் ஒரு தொடக்கம் உண்டு. டெர்மினல்ங்கறதை எல்லாரும் ஒரு கருப்புப் பலகைன்னு நெனைக்கறா. நான் அதை ஒரு வாசலா பாக்கறேன். வாசல்னா மங்களமா இருக்க வேண்டாமோ?

கிச்சா: ஆமாம் சார்.

ஐரின்: ரொம்ப மங்களமா இருக்கு சார். அதான் சிக்கல். காப்பி எடுக்கற ப்ரோக்ராம் இருக்கே, அது ரொம்ப சாதாரண ப்ரோக்ராம். அத்தனை மங்களத்தை அதால தாங்க முடியல. சுழியைப் பாத்ததும் திகைச்சு நின்னுடுது.

வெங்கடரமணன்: ...திகைச்சு நின்னுடறதா.

ஐரின்: உள்ளே போகத் தகுதி இல்லையோன்னு திரும்பி வந்துடுது சார்.

கிச்சா: ஆமாம் சார். ஆயுத பூஜையிலேர்ந்து.

வெங்கடரமணன்: ம்.

ஐரின்: சுழி இருந்த இடத்துலயே இருக்கணும் சார். அதை எடுக்கவே கூடாது. ஆனா ப்ரோக்ராம் கண்ணுல படக் கூடாது. எங்க ரெண்டு பேருக்கும் எவ்வளவு யோசிச்சும் வழி தோணல. உங்களுக்கு ஏதாவது...

வெங்கடரமணன்: இரு. யோசிக்கறேன்.

கிச்சா: மெதுவா யோசிங்கோ சார்.

வெங்கடரமணன்: வழி... இல்லாம இல்ல.

ஐரின்: சொல்லுங்க சார்.

வெங்கடரமணன்: வேரியபிள் அப்படியே இருக்கட்டும். காட்டற வரிக்கு முன்னாடி ஒரு... ஒரு ஹாஷ் போட்டா என்ன?

ஐரின்: ஹாஷா?

கிச்சா: ஹாஷ். எனக்குத் தோணவே இல்ல சார்.

வெங்கடரமணன்: எல்லாருக்கும் எல்லாம் தோணிடாதுடா. ஹாஷோட வடிவத்தைப் பாரு. குறுக்கே ரெண்டு, நெடுக்கே ரெண்டு. சந்நிதியில கம்பிக் கதவு எப்படி இருக்கும்? அதே மாதிரி. பிள்ளையார் உள்ளேதான் இருக்கார். நடை சாத்தியிருக்கு. அவ்வளவுதான். நடை சாத்தியிருக்கச்சே வீதியில போக்குவரத்து நடக்கறதில்லையா?

ஐரின்: ...சார், நிஜமாவே இது நல்லாருக்கு.

வெங்கடரமணன்: கிச்சா, ஒரு ஹாஷ் தட்டு.

கிச்சா: சார்... நடை சாத்தறதெல்லாம் பெரியவா பண்ணாத்தான்...

வெங்கடரமணன்: ஐரின்?

ஐரின்: உங்க கையால சார்.

வெங்கடரமணன்: ம்... சரி. தள்ளுங்கோ. மணி என்ன? ராகு காலம் முடிஞ்சுதோ?

கிச்சா: எப்பவோ முடிஞ்சுது சார்.

வெங்கடரமணன்: அப்பனே, மன்னிச்சுக்கோ... ஆச்சு. சேவ் பண்ணிட்டேன். ஐரின், உன் ஸ்கிரிப்டை விடு.

ஐரின்: விட்டுட்டேன் சார்... போயிட்டிருக்கு. கிச்சா, பாரு. கே.கே. நகர் வளைகாப்பு, போயிடுச்சு. அசோக் நகர் ரிசப்ஷன். அடையார் நிச்சயதார்த்தம். அடுத்தது... அடுத்தது... எல்லாம் போகுது.

கிச்சா: ஒரே ஒரு ஹாஷ் சார். ஜெர்மனி வரைக்கும் வழி திறந்துடுத்து.

வெங்கடரமணன்: அதெல்லாம் அனுபவம். கிச்சா, ஃபைலை இன்னும் மூடல பாரு. அடி வரைக்கும் போய் ஒரு தடவை சரிபாத்துடு. அரைகுறையா விட்டா எனக்குப் பிடிக்காது.

ஐரின்: அதெல்லாம் சரியாத்தான் இருக்கு சார். நானே மூடிடறேன்.

கிச்சா: இரு இரு, போயிட்டேன். வெத்து வரிதான் சார்... வெத்து வரி... வெத்து வரி... அடியில என்னமோ ஒண்ணு இருக்கே.

வெங்கடரமணன்: படி.

கிச்சா: முன்னாடி ஒரு ஹாஷ். அப்புறம்... 'மரியே வாழ்க'. ஐரின், கீழ போகாதன்னியே.

ஐரின்: பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேத்தம் அன்னிக்கு வெச்சேன் சார். புதுசா இந்த நாற்காலி குடுத்தீங்க. லாக் விஷயமெல்லாம் அப்ப தெரியாது. பயமா இருந்துச்சு. கை தவறி நிஜ மிஷின்ல எதையாவது தட்டிடுவேனோன்னு... ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் அம்மா இருக்காங்கன்னு ஒரு தெம்பு. மிஷின் படிக்காத மாதிரிதான் வெச்சேன். எடுத்துடறேன் சார்.

வெங்கடரமணன்: யார் எடுக்கச் சொன்னா?

கிச்சா: சார், உங்களுக்குக் கோவம் இல்லையே?

வெங்கடரமணன்: லாக்னு ஒண்ணு எதுக்குடா வெச்சிருக்கேன்? நீங்க படிக்க மாட்டேள், நான் படிப்பேன். அந்த வரி வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்.

ஐரின்: தெரியுமா? ஏன் சார் ஒண்ணும் கேக்கல?

வெங்கடரமணன்: என்னத்தைக் கேக்கறது? நானே உக்காந்து ரெண்டு தடவை படிச்சேன். நம்ம ஃபைல்ல ஒரு சின்னப் பொண்ணுக்குச் சாமி வெக்கத் தோணியிருக்கு, இத்தனை வருஷமா எனக்குத் தோணலையேன்னு இருந்தது. ஆயுத பூஜைக்கு ஏதோ திடீர்னு தோணின மாதிரி சுழி போட்டேனே... அது உன்னைப் பாத்துதான்.

கிச்சா: பொரி சாப்பிடச்சே தோணலையா சார்?

வெங்கடரமணன்: பொரி ஒரு சாக்குடா. ஆனா நீ ஹாஷுக்குப் பின்னாடி வெச்சே. நான் எல்லாரும் பாக்கற மாதிரி வெக்கணும்னு... ஒரு அல்ப ஆசை. போகட்டும். கீழ கார் வந்து நிக்கறது, அறிவாத்தான் இருக்கும். நான் பேசிக்கறேன். என் ஃபைல்ல நான் போட்ட வரி குறுக்கே நின்னுடுத்து, ஐரின் ஸ்கிரிப்ட்ல தப்பே இல்லைன்னு சொல்லிடறேன்.

கிச்சா: எந்த வரின்னு கேப்பாரே சார்.

வெங்கடரமணன்: கேட்டா காட்டறேன். சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். நீ இதே நாற்காலியில இரும்மா.

ஐரின்: சார்... ஒண்ணு கேக்கலாமா? தெனமும் போன அந்த மெயிலெல்லாம்... சுழிதான் காரணம்னு உங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சுது?

வெங்கடரமணன்: காலம்பற அந்த மெயிலைத் திறந்தப்பவே தெரியும்மா. இல்லேன்னா காபியே ஆகாதவன் எதுக்குக் காபி காபின்னு மாடி ஏறி எறங்கிண்டிருந்தேன்? நான் இல்லாத நேரமா பாத்து உங்க ரெண்டு பேர்ல யாராவது அந்த ஹாஷைப் போட்டுடுவேள்னு பாத்தேன்... நீங்களும் என்னை மாதிரியே கை வராம இருந்துட்டேள்.